வாத்து இட்ட பெக்காய் முட்டை

கட்சுவே அக்கா படகுத்துறையில் இடுப்பில் கை வைத்து நின்றாலே ரெப்லூட் படகைத் திருப்பிவிடலாமா என்று பார்ப்பான். ஏதோ கேட்கப் போகிறாள் என்று அர்த்தம். ஊரின் மூத்த பெண் என்ற பட்டமுள்ள அக்கா கேட்டதை இல்லை என்று சொல்லிவிட்டு எந்தத் தம்பியும் கயாங்கெல் தீவில் நிம்மதியாகக் குடியிருந்ததில்லை. பாலாவ் நாட்டின் பெரிய நகரமான கொரோருக்கு ஓடிப்போய்ப் பிழைக்கலாம்தான். ஆனால் அங்கேயும் அக்காவின் சொந்தக்காரர்கள்தான் இருக்கிறார்கள்.

அன்றைக்கு அவன் எதிரே இருந்த குட்டித்தீவுத் திட்டிலிருந்து திரும்பிப் படகைக் கட்டிக்கொண்டிருந்தான். அந்தத் திட்டில் மனிதர் யாரும் கிடையாது. பெக்காய்ப் பறவைகள்தான் குடியிருக்கின்றன. அவற்றின் மேடுகளை எலி, உடும்பு, மனிதன் ஆகிய மூவரிடமிருந்தும் காப்பாற்றுவது ரெப்லூட்டின் உத்தியோகம். எலியும் உடும்பும் பரவாயில்லை, அவை சொந்தம் கொண்டாடுவதில்லை.

"ஹட்சுமிக்கு அடுத்த வாரம் வெந்நீர்ச் சடங்கு. தெரியும்ல?" என்றாள் கட்சுவே.

முதல் பிள்ளை பெற்ற பெண்ணை மூலிகை வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டி, மஞ்சளும் எண்ணெயும் பூசி, ஊர் பார்க்க வெளியே கொண்டுவந்து நிறுத்துகிற விசேஷம் அது. பெண் வீட்டார் சாப்பாடு போட வேண்டும். ஹட்சுமி அக்காவின் மகள். சாப்பாடு என்றால் தாய்மாமன் தலையில்தான் விடியும்.

"தெரியும்க்கா. மீன் என் பொறுப்பு. பன்னிக்கும் சொல்லி வச்சாச்சு."

"மீனும் பன்னியும் எவன் வேணும்னாலும் கொண்டுவருவான். எனக்குப் பெக்காய் முட்டை வேணும்."

கயிறு அவன் கையிலிருந்து நழுவியது.

"அக்கா, என் சட்டையில என்ன எழுதியிருக்குன்னு பாத்தியா?"

"தொவச்சு நாளாச்சுன்னு எழுதியிருக்கு."

"காவலர்னு எழுதியிருக்குக்கா! அந்த முட்டையத் தொட்டா சட்டப்படி குத்தம்."

"என் முதல் பிள்ளைக்கு அம்மா எனக்கு அதைத்தான் குடுத்தா. அம்மாவுக்கு அவங்க அம்மா குடுத்தா. அப்பவும் சட்டம் இருந்துச்சு. நீதான் இல்ல." அவள் ஒரு அடி கிட்டே வந்தாள். "அதோட, போன மாசம் கூட்டத்துல அந்தக் கொரோர் ஆபீஸ் பையன் என்ன சொன்னான்? அழியப்போற பறவைங்களோட உலகப் பட்டியல்ல உன் பறவைக்கு ஆபத்து ஒரு படி குறைஞ்சிடுச்சுன்னு சொன்னானா இல்லையா?"

சொன்னான்தான். சொல்லாமல் இருந்திருக்கலாம். பட்டம், பதவி, யாருக்கு முதல் இருக்கை என்பதிலேயே மூச்சு விடுகிற ஊர் இது. பறவை ஒரு படி ஏறியதென்றதும் பெக்காய்க்கு ஏதோ தலைவர் பட்டம் கிடைத்துவிட்டதாகக் கிழவர்கள் கைதட்டினார்கள். பட்டம் வாங்கியவர் விருந்து வைப்பதுதானே முறை.

"குறைஞ்சிருக்கு, தீரல. காய்ச்சல் இறங்கின ஆளை உடனே தென்னைமரம் ஏறச் சொல்லுவியா?"

"என் புருஷனை ஏறச் சொன்னேன். ஏறினாரு."

அவர் ஏறியதை ரெப்லூட்டும் பார்த்திருந்தான்.

கட்சுவே குரலைத் தணித்தாள். அவள் குரலைத் தணித்தால்தான் விஷயம் பெரிது. "ஹட்சுமியோட மாமியார் டிலுப் இருக்காளே, பெரிய தீவுக்காரி. 'சின்னத் தீவு, பாவம், அவங்களால முடிஞ்சதைச் செய்யட்டும்'னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எங்க வீட்டுல பெக்காய் முட்டை போடுவோம்னு சொல்லிட்டேன். என் தம்பியே கொண்டுவருவான்னு சொல்லிட்டேன்."

"கேக்காமலேயே சொல்லிட்டியா?"

"தம்பிகிட்ட எதுக்குடா கேக்கணும்?" என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை ரெப்லூட் திட்டுக்குப் போனான். பெக்காய் பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமில்லை. சின்னக் கோழி அளவு, கறுத்த உடம்பு, மஞ்சள் கால், தலையில் எண்ணெய் காணாத சாம்பல் கொண்டை. வேலைதான் பிரமாதம். ஆணும் பெண்ணும் சேர்ந்து மணலையும் சருகையும் காலால் பின்பக்கமாக வாரி இறைத்து, மரத்தடியில் ஒரு மேடு எழுப்பும். எழுப்பிக்கொண்டே இருக்கும். சில மேடுகள் ரெப்லூட்டின் சமையலறையைவிடப் பெரியவை. இதை அவன் மனைவி உலாங் அடிக்கடி சொல்லிக் காட்டுவாள். முட்டையை உள்ளே புதைத்துவிட்டுப் பெற்றவர்கள் அவர்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். சருகு மக்குகிற சூட்டில் முட்டை பொரியும். குஞ்சு தானே மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், சிறகை உதறும், யாரையும் தேடாமல் காட்டுக்குள் ஓடிவிடும்.

அம்மா கிடையாது, அக்கா கிடையாது, அக்கா மகளின் மாமியார் கிடையாது. இந்தக் குஞ்சுகளைப் பார்க்கும்போதெல்லாம் ரெப்லூட்டுக்குப் பொறாமையாக இருக்கும்.

பெரும்புயல் அடித்த வருஷம் இந்தத் திட்டில் ஒரு மேடுகூட மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் கடல் வழித்துக்கொண்டு போனது. ஒழிந்தது என்று ஊரே சொன்னது. அவன் மட்டும் வாரா வாரம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் சாய்ந்து கிடந்த மரத்தின் வேரடியில் புதிதாக ஒரு கைப்பிடி மணல் கிளறியிருந்தது. அதைப் பார்த்து ரெப்லூட் சத்தமாகவே அழுதான். நல்லவேளை, பார்க்க யாரும் இல்லை.

இப்போது அதே மேட்டின் முன்னால் மண்டியிட்டுத் தோள்வரை கையை விட்டான். மண் கதகதவென்றிருந்தது. விரலில் முட்டை தட்டியது. ஒன்றுதானே, இவ்வளவு காலம் காப்பாற்றியவனுக்கு இதற்குக்கூட உரிமையில்லையா என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தான். வாதத்தில் ஜெயித்தும்விட்டான். ஆனால் கை மட்டும் வெறுங்கையாகத்தான் வெளியே வந்தது. கிளறியதை மூடித் தட்டிச் சமன் செய்தபோது, பின்னாலிருந்து ஒரு பெக்காய் வந்து, அவன் சமன் செய்த லட்சணம் பிடிக்காமல், மறுபடி வாரி இறைத்தது. மணல் முழுக்க அவன் தலையில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து உலாங்கிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் பாக்கை மென்றுகொண்டே கேட்டாள். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, "வாத்து முட்டை என்ன அளவு இருக்கும்?" என்றாள்.

"ஏறக்குறைய அதே அளவுதான்... அடியே, வேண்டாம்."

"அக்காவுக்கு முட்டை வேணும். உங்களுக்குப் பறவை வேணும். எனக்கு ராத்திரி நீங்க புலம்பாம தூங்கணும். வேற வழி இருந்தா சொல்லுங்க."

வேறு வழி இல்லை. ஆனால் வாத்து முட்டை வெள்ளை, பெக்காய் முட்டை செம்மண் நிறம். உலாங் கடுந்தேநீர் போட்டு அதில் முட்டைகளை ஊறவைத்தாள். மேட்டு மண்ணைக் கொண்டுவரச் சொல்லி, குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல் அதைப் பூசினாள். மோந்து பார்த்துவிட்டு, "ம், பொறந்த ஊர் வாசனை வந்துடுச்சு" என்றாள்.

"உள்ளே?" என்றான் ரெப்லூட். அங்கேதான் சிக்கல். பெக்காய் முட்டையை உடைத்தால் பெரும்பங்கு மஞ்சள்கருதான் இருக்கும். அதனால்தான் அதற்கு அத்தனை மவுசு. வாத்து முட்டையை அரிந்து வைத்தால் வெள்ளைக்கரு ஊரைக் கூட்டிவிடும்.

பன்றிக்கு ஊசி போடுவதற்காக வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த சிரிஞ்சை எடுத்தாள் உலாங். முட்டையின் அடியில் துளை போட்டு வெள்ளைக்கருவை உறிஞ்சினாள். வேறு முட்டைகளின் மஞ்சள்கருவை உள்ளே ஏற்றினாள். ஓட்டைப் படகை அடைக்கிற சீமைப்பலாப் பாலையே வைத்துத் துளையை அடைத்து, மேலே மண்ணைத் தடவினாள். இரண்டு மூன்று கெட்டுப்போயின. ஒன்று ரெப்லூட்டின் சீருடை மேலேயே வெடித்தது. கடைசியில் மூன்று முட்டைகள் தேறின.

"இவ்வளவு திறமையை வச்சுக்கிட்டு உங்களைக் கட்டிக்கிட்டேனே" என்று உலாங் வருத்தப்பட்டாள்.

சடங்கு அமர்க்களமாக நடந்தது. ஹட்சுமி உடம்பெல்லாம் மஞ்சள் மின்ன, ஓலைப் பாய்மேல் நடந்து வந்து நின்றாள். பெண்கள் பாடி ஆடினார்கள். பிறகு இலையில் சேப்பங்கிழங்கு, நண்டு, பன்றி, மீன் என்று வரிசையாக வந்தன. நடுவில் ஒரு தென்னோலைத் தட்டில் மூன்று முட்டைகள். பின்னாலிருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். டிலுப்பின் முகம் போன போக்கைப் பார்த்துக் கட்சுவேக்கு ஒரு சுற்று பருத்ததுபோல் ஆகிவிட்டது.

முதல் முட்டை ஹட்சுமிக்கு, இரண்டாவது டிலுப்புக்கு. மூன்றாவதைக் கீற்றுக் கீற்றாக அரிந்து பெரியவர்களுக்குக் கொடுத்தார்கள். குடும்பத்துக்கே மூத்தவரான மெலைத்தாவ் மாமா கண்ணை மூடி மென்றார்.

"இது கிழக்கு ஓரத்து மேடு" என்றார் மாமா. "அங்க மண்ணுல உப்பு கம்மி. மஞ்சள்கரு இப்படித்தான் வெண்ணெயா இருக்கும். இந்த ருசியை எவன் ஏமாத்த முடியும்?"

"ஆமாமா" என்றார்கள் மற்ற பெரியவர்கள். ஆளுக்கு ஒரு மேட்டின் பெயரைச் சொன்னார்கள். ருசி தெரியாதவன் என்று பேர் வாங்க யாருக்குத்தான் ஆசை?

ரெப்லூட் சிரிப்பை அடக்கத் திரும்பியபோது கட்சுவேயைப் பார்த்தான். அக்கா தன் கீற்றை வாயில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். "அம்மா கையால தின்ன மாதிரியே இருக்குடா" என்றாள். அவனுக்குச் சிரிப்பு செத்துவிட்டது.

டிலுப் சும்மா இருப்பாளா? தட்டைப் படம் பிடித்து, 'என் மருமகள் வீட்டில் பெக்காய் முட்டை விருந்து' என்று ஃபேஸ்புக்கில் போட்டாள். பாலாவ் முழுக்கப் பார்த்தது. வனவிலங்கு அதிகாரிகளும் பாலாவ்காரர்கள்தானே, அவர்களும் பார்த்தார்கள்.

அதைவிட மோசமான ஒன்று அதற்குள் நடந்துவிட்டது. இரண்டு வீட்டுக்காரர்கள் ரெப்லூட்டைத் தேடி வந்தார்கள். எங்க பொண்ணுக்கும் சடங்கு வருது, உன் அக்கா வீட்டுக்கு மட்டும்தான் முட்டையா, காவல்காரனே எடுக்கிறான், எங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டார்கள். ஒருவன் திட்டுக்குக் கூடையோடு கிளம்பியேவிட்டான். ரெப்லூட் படகின் குறுக்கே படுத்துத் தடுத்தான். எந்தப் பறவைக்காகப் பொய் முட்டை செய்தானோ அந்தப் பறவைக்கே அது வினையாக வந்து நின்றது.

கொரோரிலிருந்து உமெத்தாரோ என்ற இளம் அதிகாரி விரைவுப் படகில் வந்து இறங்கினான். மரியாதைக்காரன். ஊருக்கு ரொட்டி வாங்கி வந்திருந்தான். படகுத்துறைக் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். பேரனைப் பார்க்கத் தங்கியிருந்த டிலுப்பும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, மன்னிக்கணும்" என்றான் உமெத்தாரோ. "அந்த முட்டை பெக்காய் முட்டைதானா?"

ஆமென்றால் வேலை போகும், வழக்கு வரும். அதுகூடப் போகட்டும், ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு திட்டுக்குப் போகும். இல்லையென்றால் சம்பந்தி முன்னால் அக்காவின் மானம் போகும். ரெப்லூட் அக்காவைப் பார்த்தான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், தம்பி எதைச் சொன்னாலும் சமாளிக்கிறேன் என்பதுபோல். அவளுக்குத்தான் விஷயமே தெரியாதே.

"இல்ல. வாத்து முட்டை" என்றான்.

மெலைத்தாவ் மாமா எழுந்தார்.

"என்னடா சொன்ன? வாத்துக்கும் பெக்காய்க்கும் வித்தியாசம் தெரியாத வாயா இது?"

"மாமா, உங்களைச் சொல்லல..."

"பின்ன யாரைச் சொன்ன? நான்தான்டா கிழக்கு ஓரத்து மேடுன்னு சொன்னேன்! தம்பி, இவன் வேலைக்குப் பயந்து பொய் சொல்றான். எழுதிக்கோ. அது பெக்காய்தான்!"

"பெக்காய்தான்" என்றார் இன்னொரு பெரியவர். "பெக்காய்தான், பெக்காய்தான்" என்று கொட்டகையே சாட்சி சொன்னது. தன் நாக்கைக் காப்பாற்றிக்கொள்ள ஊரே சேர்ந்து ரெப்லூட்டை ஜெயிலுக்கு அனுப்பத் தயாராக இருந்தது.

உமெத்தாரோ தலையைச் சொறிந்தான். "அண்ணே, இத்தனை பேரு சொல்றாங்களே..."

"இருங்க சார், இதோ வந்துட்டேன்" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். உலாங் வீட்டுக்கு ஓடினாள். முட்டை, தேநீர்ப் பாத்திரம், சிரிஞ்சு, பலாப்பால் எல்லாவற்றையும் கொண்டுவந்து நடுவில் கடை பரப்பினாள். எல்லோர் கண்முன்னாலும் உறிஞ்சினாள், ஏற்றினாள், அடைத்தாள், அவித்தாள். கைக்குழந்தைகளைத் தவிர யாரும் சத்தம் போடவில்லை. அரிந்து மாமாவிடம் நீட்டினாள்.

மாமா மென்றார். விழுங்கினார். ஊர் அவர் வாயையே பார்த்தது.

"இதுவும் பெக்காய்தான்" என்றார் மாமா, குரல் கொஞ்சம் இறங்கி.

கொட்டகை வெடித்தது. சிரித்துச் சிரித்து ஒருவர் வெற்றிலைச் சாற்றைப் பக்கத்திலிருந்தவர் மேலேயே துப்பிவிட்டார். மாமா அந்தச் சத்தத்தில் தலை குனிந்து, "எந்த வாத்து?" என்று கேட்டார்.

"உங்க வாத்துதான் மாமா. வேலியோரமா போட்டிருந்துச்சு."

மாமாவின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லு! நான் போடற தீனி அப்படி!"

சிரிப்பு அடங்கியபோது டிலுப் மட்டும் சிரிக்காமல் இருந்தது தெரிந்தது. அவள் மெதுவாகக் கட்சுவேயின் பக்கம் திரும்பினாள். "அப்ப எங்களுக்குப் போலி முட்டை போட்டு ஏமாத்தியிருக்கீங்க. சடங்குல. என் மருமக வாயில."

இதைவிடக் கேவலமான பேச்சு இந்த ஊரில் இல்லை. ரெப்லூட் வாயைத் திறந்தான். அதற்குள் கட்சுவே எழுந்துவிட்டாள்.

"இவன் ஏமாத்தல" என்றாள். "நான்தான் செய்யச் சொன்னேன்."

ரெப்லூட்டின் வாய் திறந்தபடியே இருந்தது.

"உங்க வீட்டுப் பேரன் பொறந்ததுக்குக் களவெடுத்த முட்டையா போடச் சொல்றீங்க? என் தம்பி காவல் காக்கிற மேட்டைத் தோண்டியா போடச் சொல்றீங்க? எங்க வீட்டுப் பெருமை மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கு. பாக்கணும்னா வாங்க, படகு இருக்கு. திங்கணும்னா வாத்துதான்." அப்படியே ஊர்ப் பக்கம் திரும்பினாள். "இனி இந்த ஊர்ல எந்தச் சடங்குக்கும் இதுதான் முட்டை. எவனாவது கூடையத் தூக்கிக்கிட்டுத் திட்டுப் பக்கம் போனா என்கிட்ட பேசட்டும்."

ஊர் மூத்த பெண் சொல்லிவிட்டால் அது சொன்னதுதான். சட்டம் இத்தனை வருஷம் செய்யாததைக் கட்சுவே ஒரே மூச்சில் செய்துவிட்டாள். உமெத்தாரோ நன்றி சொல்லிவிட்டு, மிச்சமிருந்த முட்டையில் பாதியைத் தின்றுவிட்டுக் கிளம்பினான். டிலுப் கொஞ்ச நேரம் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பிறகு உலாங்கின் பக்கம் நகர்ந்து, "அந்த ஊசி எங்க வாங்கினது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

அக்கா மட்டும் ரெப்லூட்டோடு பேசவில்லை. எதிரே வந்தால் தென்னைமரத்தைப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுத்துப் பார்த்தான். அதற்குமேல் முடியாமல் அவள் வீட்டுக்கே போகலாம் என்று கிளம்பினால், அவளே படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கை இல்லை.

"என்னைத் திட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

சாய்ந்த மரத்தருகே இருவரும் உட்கார்ந்தார்கள். நல்ல வெயில். ஒரு பெக்காய் வந்து, இவர்களைச் சட்டையே செய்யாமல், வாரி இறைக்க ஆரம்பித்தது. கட்சுவே வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்காகவா?"

"இதுக்காகத்தான்கா."

"மூக்கும் முழியும் நல்லாக்கூட இல்லையேடா." மூக்கை உறிஞ்சினாள். "வாத்து முட்டையைத் தின்னுட்டு அம்மாவை நெனச்சு அழுதேன். நீ பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்த."

"தப்புதான்கா. உன்கிட்ட இல்லைன்னு சொல்லப் பயமா இருந்துச்சு."

"ஊரையே ஏமாத்தப் பயமில்ல, சர்க்கார்கிட்ட ஒத்துக்கப் பயமில்ல, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத்தான் பயம்." அவள் பையைத் துழாவிப் பாக்கை எடுத்துப் பிளந்தாள். பாதியில் சுண்ணாம்பைத் தடவி, வெற்றிலையைச் சுற்றி, அவன் பக்கம் பார்க்காமலேயே நீட்டினாள். "ஊர் முன்னாடி, நான்தான் செய்யச் சொன்னேன்னு பொய் சொன்னேன். நீ முன்னாடியே வந்து என்கிட்ட சொல்லியிருந்தா அது பொய்யாவே இருந்திருக்காதுடா. நானே செய்யச் சொல்லியிருப்பேன்."